வாசனையை டப்பாவில் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் மருந்துக்கடை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் நான். 2021-இல் வந்த கொரோனா போகும்போது என் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. துறைமுகத்தில் வாங்கி வந்த வஞ்சிரம் கெட்டுப்போயிருந்ததை, பையைத் திறந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அறிந்தேன். மீனாவது போகட்டும். கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் சமையல் எரிவாயுவில் நாற்றமுள்ள மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். என் மூக்குக்கு அது வீண்.

உங்களில் ஒருவர் கடையில், மோப்பம் திரும்பும் என்று விற்கும் மாத்திரை டப்பாவோடு ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் வாசனை ஏற்பிகளை, அதாவது மணத்தை உணரும் மூக்கின் புரதங்களை, தூண்டுவது 'செல்களில் நிரூபணம்' என்றது அது. மூன்று மாதம் விழுங்கினேன். பலனில்லை என்பதற்காக எழுதவில்லை. 'செல்களில்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

எந்தச் செல்களில்? மூக்கின் நரம்புச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். அதனால் பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து பெற்ற செல்லுக்குள் வாசனை ஏற்பியின் மரபணுவைப் புகுத்திச் சோதிக்கிறார்கள். (மோப்பம் பிடிக்கும் சிறுநீரகம்! என் மாணவர்கள் கேட்டிருந்தால் வகுப்பு அரைமணி நேரம் நடந்திருக்காது.) மணப்பொருள் ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் பெருகும். மூக்கு நரம்பில் அது அயனி வாயில்களைத் திறந்து மூளைக்குச் சேதி அனுப்பும். வேலை முடிந்ததும் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும்.

சிக்கலே இங்குதான். வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் உள்ள குவெர்செட்டின் போன்ற ஃப்ளேவனாய்டுகள் அந்தச் சிதைக்கும் நொதியைத் தடுக்கக்கூடியவை. குழாயைத் தொடாமல் தொட்டியின் வடிகாலை மட்டும் அடைத்தாலும் நீர்மட்டம் ஏறும் அல்லவா? ஏற்பியைத் தீண்டாமலே 'தூண்டியது' போன்ற அளவு கிடைத்துவிடலாம். போதாக்குறைக்கு, இத்தகைய சோதனைகளில் சமிக்ஞையை அளக்க மின்மினிப்பூச்சியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சில ஃப்ளேவனாய்டுகள் அந்த விளக்கின் மீதே கைவைத்து ஒளியை மாற்றிவிடும். ஏற்பி இல்லாத செல்லிலும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்களா என்று துண்டறிக்கை சொல்லவில்லை.

ஆய்வகத் தட்டில் நடந்தது மெய்யென்றே வைத்துக்கொள்வோம். விழுங்கிய குவெர்செட்டினில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு வடிவமாக மாற்றிய பிறகே ரத்தத்தில் விடுகின்றன. மேலும், கொரோனாக் கிருமி மூக்கில் முதன்மையாகத் தாக்குவது நரம்பை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. இடிந்தது சுவர், நீங்கள் விற்பது அழைப்புமணிக்கு எண்ணெய்.

வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 2004-இல் நோபல் பெற்றார்கள். நம்மிடம் செயல்படும் ஏற்பி வகைகள் சுமார் நானூறு. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்பவரிடம், எந்த ஏற்பிக்கு என்றாவது கேளுங்கள்.

நான் கோருவது பெரிதல்ல. அந்தத் துண்டறிக்கையைக் கல்லாவிலிருந்து எடுத்துவிடுங்கள். மோப்பம் போனது என்று வருபவரைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினமும் இருவேளை முகரும் பயிற்சியை ஜெர்மனியில் தாமஸ் ஹம்மெல் குழுவினர் 2009-இல் பன்னிரண்டு வாரம் சோதித்து, சிலருக்கேனும் பலன் கண்டார்கள். நீலகிரித் தைலம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது, அதை விற்றுக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் நான் சந்தையில் வாங்கிக்கொண்டேன். கிராம்பு மட்டும் இப்போது லேசாக எட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்