பெண்கள் ஐக்கிய சங்கம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், சங்கத் தலைவி ஐயரம்மா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், வந்திருக்கும் சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரங்கள். கர்த்தருடைய கிருபையால் நம் சங்கம் இன்னோர் ஆண்டைக் கடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக் கூடுகைகள் தடையின்றி நடைபெற்றன. ஜூலையில் பாளையங்கோட்டை ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வேன் வைத்துப் போய் வந்தோம். அறுப்பின் பண்டிகையில் பலகாரக் கடை போட்டு, வந்த தொகையைச் சபைக் கணக்கில் சேர்த்தோம். நோயாளிகளை வீடு தேடிச் சென்று ஜெபித்தோம்.

இனி, 2025 ஜனவரியில் இதே இடத்தில் நான் முன்வைத்த காரியம்: ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்தில் வீட்டில் மிஞ்சும் பணத்தைக் கிறிஸ்துமசுக்குச் சேர்த்துவைப்பது. ‘செயலாளர் நம் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கிறாள்’ என்று ஒரு பேச்சு எழுந்தது என் காதுக்கும் வந்தது. ஆகையால் விரிவாகவே சொல்கிறேன்.

2024 டிசம்பர் கடைசி வாரத்தில் நம் சங்கத்து வீடுகள் மூன்றில் பிள்ளைகளின் கம்மல் அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். புதுத்துணிக்கு மட்டுமல்ல, எண்ணெய்க்கும் கருப்பட்டிக்கும் கறிக்கும்தான் போனது. அதே வீடுகளில் அந்த ஆண்டு லெந்து நாட்கள் முழுவதும் மீன், கறி வாங்கவில்லை. மிஞ்சிய பணம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. லெந்தில் மிஞ்சுவது கிறிஸ்துமஸ் வரை கையில் நிற்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

2025இல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5, ஈஸ்டர் ஏப்ரல் 20. ஞாயிறுகளையும் சேர்த்தால் நடுவில் 46 நாட்கள். வீட்டுக்கு ஒரு மாவு டப்பாவை மூடியில் கீறிக் கொடுத்தோம். வழக்கமாக மீன் வாங்கும் நாளில் அந்தப் பணத்தை அதில் போட்டுவிட வேண்டும். ‘ஒறுத்துச் சேர்த்ததைத் தன் வயிற்றுக்கே வைத்துக்கொண்டால் அது உபவாசமா?’ என்று ஒரு பெரியம்மா கேட்டார்கள். சரியான கேள்வி. ஐயரவர்களின் ஆலோசனைப்படி பாதியை லெந்து காணிக்கையாக ஏழைகளுக்குக் கொடுப்பது, பாதியை நிறுத்திவைப்பது என்று தீர்மானித்தோம்.

சமையலையும் பேசி முடிவு செய்தோம். பிசான அறுவடை முடிந்து புது அரிசி வரும் காலம் அது. திங்கள் காணத் (கொள்ளு) துவையலும் ரசமும். புதன் கூட்டாஞ்சோறு, அதற்கு முருங்கைக்காயும் கீரையும் வீட்டுக் கொல்லையிலேயே உண்டு. சனி உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாமல் நான்காகப் பிரித்து முடிந்துவைத்தோம். பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முட்டையை நிறுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்காக என்னைக் குறைசொன்னவர்கள் இன்னும் சொல்லட்டும்.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றினோம். அதிகாலையிலேயே வந்து அடுப்பு மூட்டியவர்கள் ஆறு பேர். சிறுபயறும் தேங்காய்ப்பூவும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஓலைப்பட்டையில் வாங்கிக்கொண்டு, காணத் துவையலைத் தொட்டுக் குடித்த பிள்ளைகள் இரண்டாம் முறையும் வந்து வரிசையில் நின்றார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், ஈஸ்டருக்குப் பின் மீன் விலை ஏறும் என்று முன்பே சொல்லியிருந்தேன். சாம்பல் புதனுக்கு முன்பே கருவாடு வாங்கிவைத்தவர்கள் அந்த இரண்டு மாதமும் சிரமப்படவில்லை.

ஒரு தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பதநீர்க் காலத்தில் கருப்பட்டி மலிவு என்பதால், நிறுத்திவைத்த பணத்தில் ஆனி மாதமே உடன்குடிப் பக்கம் போய் மொத்தமாக வாங்கினோம். அடுப்புப் புகை படும் பரணில் ஓலைப்பெட்டியில் வையுங்கள் என்று என் மாமியார் சொன்னார்கள். நான் தகர டின்னில் அடைத்து, சங்க அறையில் வைத்தேன். ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து, அடியில் இருந்தது இளகிப் பாகாகிவிட்டது. ஆனாலும் வீணாகவில்லை. வடிகட்டி, அந்தப் பாகிலேயே கிறிஸ்துமசுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் மூன்றாம் வாரத்தில் சங்க அறையில் முந்திரிக்கொத்துக்குப் பயற்றம்மாவைப் பிசைந்தோம். சூடு ஆறுமுன் உருண்டை பிடிக்க வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். கைகள் சிவக்கச் சிவக்க உருட்டினார்கள். மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விட்டபோது எழுந்த மணத்துக்கு எதிர்வீட்டு இந்துச் சகோதரிகளும் வந்து நின்றார்கள், அவர்களுக்கும் கொடுத்தோம். கடைசிவரை டப்பாவைக் காத்த வீடுகள் இருபத்திரண்டு. அந்த வீடுகளில் ஒன்றிலும் இந்தக் கிறிஸ்துமசுக்கு நகை வெளியே போகவில்லை.

ஆனால் பதிவேட்டில் இருப்பது அறுபத்துநான்கு பெயர்கள். டப்பா வாங்கிப்போய் அரிசி அளக்கும் படியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. மே மாதம் பள்ளிக்கூடச் செலவுக்காக உடைத்தவர்களை நான் குறைசொல்லவில்லை, அது அவசியம். கூட்டத்துக்கே வராமல், ஒரு நாளும் காய் நறுக்க வராமல், சபை விருந்தான அசனத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்து, ‘கறி குறைவு’ என்று சொன்னவர்களைப் பற்றித்தான் என் மனம் ஆறவில்லை. கறி ஏன் குறைந்தது என்றால், சந்தா வரவில்லை. மாதம் இருபது ரூபாய்தான். மூன்று வருடமாகத் தராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் வசதியுள்ளவர்கள் பலர் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். முறை தவறாமல் கட்டுகிறவர்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் நான்கு சகோதரிகள் உண்டு.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு வரவைச் சற்றே மிஞ்சியது. வித்தியாசத்தைக் கமிட்டியார் தற்போதைக்குச் சரிக்கட்டியிருக்கிறார்கள். விவரம் பொருளாளரின் நோட்டில் உள்ளது.

ஆலோசனை தந்த ஐயரவர்களுக்கும், எல்லாக் கூட்டங்களிலும் கூட நின்ற ஐயரம்மா அவர்களுக்கும், பாத்திரங்களை ஏற்றி இறக்கிய உபதேசியாருக்கும் வாலிபர்களுக்கும், விறகு தந்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இந்த 2026ஆம் ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 18. ஈஸ்டர் ஏப்ரல் 5. தடைக்காலத்துக்குப் பத்து நாள் முன்பே பண்டிகை வருவதால் ஈஸ்டருக்கு நல்ல மீன் கிடைக்கும். கறிக்குக் கடன்பட வேண்டியதில்லை. கருப்பட்டி இம்முறை பரணில்தான் இருக்கும். ஓலைப்பெட்டி முடையத் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் நோட்டையும் டின்களையும் மனமுவந்து ஒப்படைப்பேன். இந்த வேலை நிற்காமல் நடந்தால் போதும். புது டப்பாக்கள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. பொருளாளர் அக்காவும் சந்தா நோட்டோடு அதே மேசையில்தான் இருப்பார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்