பாட்டு முடிந்த பிறகு ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுத் திட்டங்களைப் பற்றி மக்களிடம் சொல்ல கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பப் போகிறார்கள் என்று நம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. ஆனால் இந்த வேலையை எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு காலத்தில் செய்து காட்டியிருக்கிறது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை யாரும் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சி என்றால் இப்போது எப்படி நடக்கிறது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வேன் வரும், பின்னால் பேனர் கட்டுவார்கள், பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் தப்பும் கரகமும் ஒரு கோமாளி வேடமும், நடுநடுவே திட்டத்தின் பெயர், ஒருவர் செல்போனில் போட்டோ எடுப்பார், அப்புறம் வேன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்கள். ஆடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உச்சி வெயிலில் தார் ரோட்டில் ஆடிவிட்டு அந்தக் கூலிக்கும் அலைகிறவர்கள் அவர்கள். குறை அந்த ஏற்பாட்டில். கூட்டம் எதையாவது யோசிக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்து வண்டி போய்விடுகிறது.

நான் அந்த மாவட்டத்துக்காரி. 1991-ல் இங்கே படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் தொடங்கியபோதும் முதலில் ஊருக்குள் வந்தது கலைக்குழுதான். 1988-ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது, 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது, அதே ஆண்டு கடைசியில் அறிவியல் இயக்கங்கள் நாடு முழுக்கக் கலைப்பயணம் போயின. பாட்டும் நாடகமும் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போகும் இந்த முறையைக் கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு ஏற்கெனவே செய்து பார்த்திருந்தது. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும், படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர்களும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கூடவே நின்றார். அரசாங்கமும் இயக்கமும் அந்த அளவுக்குக் கைகோத்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் குழுக்களில் தொழில்முறைக் கலைஞர்கள் குறைவு. குரல் கொஞ்சம் கட்டையாக இருக்கும், வசனம் மறந்துபோகும், மைக் இருக்காது. கோயில் பக்கத்துப் பொட்டலிலோ பள்ளிக்கூட வாசலிலோ வட்டமாக ஜனம் உட்கார, நடுவில் ஆடுவார்கள். ஊர்த்தெருவில் போட்டால் காலனியிலும் போட்டாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள், அதற்காகச் சில இடங்களில் முகச்சுளிப்பும் வாங்கினார்கள். சாப்பாடு வீடுகளில்தான். இந்தச் சாப்பாட்டு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதை எங்கள் பக்கத்து ஊர்கள் கூர்ந்து கவனிக்கும். நாடகம் சொல்ல வந்த சமத்துவத்தில் பாதி அந்தச் சாப்பாட்டிலேயே முடிந்துவிடும்.

பாட்டு முடிந்ததும் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். உங்க ஊரில் படித்தவர்கள் யார் யார் இருக்கீங்க, நாளைக்கு சாயங்காலத்திலிருந்து சம்பளம் இல்லாமல் சொல்லித்தர யார் வருவீங்க? பத்தாவது ஃபெயிலாகி வீட்டில் இருந்த பெண்கள் கை தூக்கினார்கள். அதுவரை "சும்மா கிடக்கு" என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்! மறுநாளே தெருவிளக்குக்கு அடியில் வகுப்பு, சமையல் முடித்து, மாட்டைக் கட்டி, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். அ, ஆ என்று தொடங்காமல், பட்டா மாதிரி அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்குகிற ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, பேச்சு சூடு பிடித்த பிறகு அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். பட்டா யார் பேரில் இருக்கு, ஏன் உன் பேரில் இல்லை என்று கேட்டால் பிறகு பேச்சு நிற்குமா? என் அம்மா அந்த வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டதைவிட வாதாடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அப்பாவைக் கேட்டால் அது பெரிய நஷ்டம் என்பார்.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். இயக்கத் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போய் வகுப்புகளைப் பார்க்க வேண்டும், பஸ் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பெண் தொண்டர்கள் என்ன செய்வார்கள்? சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வருவதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களுக்கும் ஆசை வந்தது. பெண் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அன்றைக்கு ஊரில் பேசிய பேச்சை எழுதினால் நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள். ஒரு பெண் தனியாக ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சே அவளைக் கீழே இறக்கியிருக்கும். இங்கேதான் பாட்டு வேலை செய்தது. தங்கச்சியைக் கூப்பிட்டு சைக்கிள் கத்துக்கச் சொல்லி இயக்கத்தில் ஒருவர் பாட்டுக் கட்டினார், அது ஊர் ஊராகப் பரவியது, கிண்டல் செய்தவன் வீட்டுப் பிள்ளையே அதைப் பாடிக்கொண்டு திரிந்தது. சாயங்காலம் மைதானத்தில் ஒருத்தி விழ, இரண்டு பேர் தூக்கிவிட, பத்துப் பேர் பாட, அடுத்தவள் ஏற என்று நடக்கும்போது கிண்டல் யாரைப் போய்ச் சேரும்?

லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, வாடகைக் கடையில் இருந்ததெல்லாம் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான். சேலையைச் செருகிக்கொண்டு அதிலேயே கற்றார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டோம். அப்புறம் பார்த்தால் அந்த சைக்கிள்தான் வசதி என்று பெண்களே சொன்னார்கள், முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம். தொண்டர்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் கலெக்டர் ஏற்பாடு செய்தார். கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சைக்கிள் கற்றார்கள் என்று அப்போது இங்கே வந்து பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அவருடைய அந்தக் கட்டுரை மத்தியப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்தில் வந்தது. வடநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் பாடம், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

சைக்கிளோடும் நிற்கவில்லை. குவாரிகளில் கூலிக்கும் கடனுக்கும் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து அதே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே ஆண்டுகளில் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். துபகுண்டா என்ற கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடப்புத்தகத்தில் சாராயத்தால் குடும்பம் சீரழிந்த ஒரு பெண்ணின் கதையைப் படித்துவிட்டு, இது நம்ம கதைதானே என்று எழுந்துபோய் ஊருக்குள் சாராயம் வரவிடாமல் நிறுத்தினார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993-ல் அந்த மாநிலத்தில் சாராயத்துக்குத் தடை, 1995-ல் முழு மதுவிலக்கு என்று போனது. இரண்டே வருஷத்தில் அதைத் தளர்த்திவிட்டார்கள், அது வேறு. ஆனால் யாரும் அந்தப் பெண்களிடம் போய் "மதுவின் தீமைகள்" என்று அரை மணி நேரம் கூத்துக் காட்டவில்லை. ஒரு கதையைக் கொடுத்தார்கள், அதைப் பற்றித் தினமும் சேர்ந்து பேச ஓர் இடம் கொடுத்தார்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பழைய பெருமை பாட வரவில்லை. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையும் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள், விழா எடுத்தார்கள். அந்த "முழு"வை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்து அதோடு நின்றவர்கள் நிறைய, படிக்க ஒன்றும் இல்லாமல் எழுத்தை மறந்தவர்களும் நிறைய. அதிகாரிகள் மாறினார்கள், தொண்டர்களுக்குக் கல்யாணம் ஆனது, குடும்பம் இழுத்தது, தொடர் கல்வி என்று பெயர் மாறியபோது கூட்டம் கரைந்துவிட்டது. கலெக்டர் ஆதரவில் வேகமாக வளர்ந்ததால்தான் அந்த ஆதரவு போனதும் தளர்ந்தது என்பது என் எண்ணம், மறுக்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் எழுத்து மறந்தவர்களுக்கும் சைக்கிள் மறக்கவில்லை. கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்பதும் மறக்கவில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் முதலில் எழுந்து நிற்பது அந்த வகுப்பில் உட்கார்ந்த கிழவிகள்தான்.

கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் கலைக்குழுக்களை அனுப்பினார்கள். அது ஓரளவு எடுபட்டதற்குக் காரணம், மறுநாள் சாயங்காலம் அதே தெருவில் ஒரு தன்னார்வலர் பாய் விரித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இப்போது 15 வயதைத் தாண்டியவர்களுக்கென்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. அதற்கும் மற்ற திட்டங்களுக்கும் கலைக்குழு போடுவதாக இருந்தால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து ஊர் என்று விரட்டாமல் ஒரே ஊரில் ஒரு வாரமாவது தங்கவிடுங்கள். சென்னையில் எழுதி அனுப்பிய பாட்டையே எல்லா ஊரிலும் பாட வைக்காமல், அந்த ஊர்ப் பிரச்சினையை அந்த ஊர்ப் பிள்ளைகளையே பாட்டாகக் கட்டச் சொல்லுங்கள். திட்டத்தைக் குறை சொல்லி வரி வந்தால் அதை வெட்டக் கூடாது, வெட்டினால் ஜனம் கண்டுபிடித்துவிடும், அப்புறம் மற்ற வரிகளையும் நம்பாது. கலைஞர்களுக்குக் கூலியை ஆடிய அன்றைக்கே கையில் கொடுங்கள். சாயங்காலத்தில் பள்ளி மைதானங்களின் கேட்டைப் பூட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது, எங்கள் பகுதியில் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்தே சலித்துவிட்டோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அன்றைய தொண்டர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் ஆகிவிட்டது. பலர் வீட்டில் பாட்டு நோட்டு இன்னும் இருக்கிறது, மெட்டு அவர்கள் தலையில்தான் இருக்கிறது. உங்கள் மாவட்ட நிருபர்களை அனுப்பி அவர்களைப் பேச வைத்து, பாட வைத்துப் பதிவு செய்யலாம். கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் ஆள் கிடைப்பார்கள், வழி கேட்டால் நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்ட வாசகி ஒருவர்