வெங்காய வேரும் அஜினமோட்டோவும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொத்துரொட்டிக் கடை தொடங்கிக் கலியாண வீட்டுச் சமையல் வரை நாம் அஜினமோட்டோ என்று அழைக்கும் மொனோசோடியம் குளூற்றமேற், வெங்காய வேரின் கலங்களைப் பாதிப்பதால் அது மனிதருக்கும் நஞ்சே என்று தங்கள் நலவியல் பக்கக் கட்டுரை முடித்திருந்தது. பரிசோதனை நல்லதே, முடிவுதான் அவசரமானது.

1938 இல் சுவீடன் நாட்டு மரபியலாளர் அல்பேற் லெவான், கலப்பிரிவைக் குழப்பும் தாவர நஞ்சான கொல்சிசினின் விளைவை வெங்காய வேரில் ஆராய்ந்த காலந்தொட்டு இம்முறை வழக்கில் உள்ளது. வெங்காயக் கலத்தில் மரபுப் பொருளைத் தாங்கும் 16 நிறமூர்த்தங்களும் (குரோமோசோம்கள்) பெரியவை என்பதால், வேர்நுனியைச் சாயமூட்டி நசுக்கினால் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே இழையுருப்பிரிவின், அதாவது ஒரு கலம் இரண்டாகப் பிரிவதன், அவத்தைகளைக் காணலாம். பிரியும் கலங்களின் வீதம் குறைவதும், நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், கலத்தின் கருவுக்குப் புறம்பாகச் சிறுகருக்கள் தோன்றுவதும் நச்சுத்தன்மையின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஆனால் இச்சுவையூட்டியின் நிறையில் ஏறத்தாழ 12 வீதம் சோடியம். உவரேறிய வயலில் நெல் கருகுவதைக் கண்ட வன்னி விவசாயிக்கு, உப்புக் கரைசலில் ஊறிய வேர் வளராது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே சுவையூட்டி ஒரு கிராம் இட்ட கரைசலுக்குப் பக்கத்தில், அதே அளவு சோடியத்தைத் தரும் 0.31 கிராம் கறியுப்பு இட்ட கரைசலும் இருந்தாக வேண்டும். இரண்டிலும் வேர் ஒரேயளவில் பாதிக்கப்பட்டால், அங்கே குற்றவாளி குளூற்றமேற் அன்று. கட்டுரையில் இந்த ஒப்பீடும் இல்லை, கரைசலின் செறிவும் இல்லை.

இன்னொன்று, வேர்நுனிக்குக் குடலும் ஈரலும் கிடையா. நாம் உண்ணும் குளூற்றமேற்றின் பெரும்பகுதியைக் குடற்கலங்களே எரிபொருளாகப் பயன்படுத்திவிடுகின்றன. வேரோ கரைசலில் மணிக்கணக்காக ஊறிக் கிடக்கிறது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இதே குளூற்றமேற் இயற்கையாகவே உண்டு. இதனால் அளவின்றிக் கொட்டலாம் என்று நான் வாதாடவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017 இல் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்தது. சிறுநீரக நோயாளர் பலர் வாழும் வவுனியா போன்ற மாவட்டத்தில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதிலுள்ள சோடியத்தையும் கணக்கிற்சேர்ப்பதே முறை.

கட்டுரையாளர் தாம் ஆதாரமாகக் கொண்ட ஆய்வின் செறிவுகளையும் கட்டுப்பாட்டுப் பரிசோதனையின் விவரங்களையும் அடுத்த இதழிலேனும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். எமது உயர்தர மாணவர்களும் இதைச் செய்துபார்க்கலாம். கிணற்று நீரை மட்டும் தவிர்க்கட்டும். இங்குள்ள பல கிணறுகளின் உவரும் சுண்ணாம்பும் முடிவைக் குழப்பிவிடும் என்பதால், மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ உகந்தது. முளைப்பதைத் தடுக்கும் மருந்து பட்ட வெங்காயம் சரியாக வேர்விடாதாகையால், முதலில் வெறும் நீரில் வைத்து, நன்கு வேரோடியவற்றை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கிளிநொச்சி