அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள்

அன்பு மகன் பாண்டிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்லிவிடலாம் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவன், இதை மட்டும் கையால் எழுதுகிறேன்.

அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்தாள் என்று உன்னிடம் சொன்னேன். விழுந்தது கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். விழுந்ததும் "என்னங்க" என்று கூப்பிட்டாள். மூன்று தடவை. மூன்றும் என் காதில் விழுந்தது அய்யா. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, போனைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அத்தாச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தின பிறகுதான் எழுந்து ஓடினேன். மணிக்கட்டு எலும்பு விட்டிருந்தது. அப்படி எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வருகிற வழியிலும் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பிகிட்ட இதச் சொல்ல வேண்டாம்" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ போன் வாங்கிக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. கடையில் ஆள் வராத ஒரு மத்தியானம், அலங்காநல்லூர் காளை ஒன்று வாடிவாசலை விட்டுப் பாய்கிற வீடியோ வந்தது. நின்று பார்த்தேன். நாம் எதைத் தொடுகிறோம் என்பதோடு, எதில் எத்தனை நொடி நிற்கிறோம் என்பதையும் அது கணக்கெடுக்கும் என்று தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னாய். நான் காளையில் நின்றேன். ரெண்டே நாளில் காளைக்குப் பின்னாலேயே சாதிப் பெருமை பேசுகிற பையன்கள் வந்தார்கள். பைக், கையில் அரிவாள், பின்னால் பாட்டு. நான் எதையும் தேடவே இல்லை. அதில் ஒருத்தன் நம் கடைக்கு வந்து பள்ளிக்கூடப் புராஜெக்ட்டுக்குப் பிரிண்ட் எடுத்தவன். மீசைகூட முளைக்கவில்லை.

கடை ஒத்தக்கடையில் இருப்பதால் 2019 ஏப்ரல் எனக்கு மறக்காது. டிக்டாக்கை டவுன்லோட் செய்ய முடியாமல் தடுக்கச் சொல்லி 3-ம் தேதி நம்ம ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. வக்கீல் குமாஸ்தாக்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் பேசினார்கள். 24-ம் தேதி அந்தத் தடை நீங்கியது. மறு வருசம் ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. விட்டது சனியன் என்றேன். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். போர்டை மாற்றிவிட்டு அதே சரக்கை விற்றார்கள். அன்றைக்கு ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான்.

நம் திண்ணையை நீ இப்போது பார்க்க வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து மல்லி வந்ததும் அம்மாவோடு அஞ்சாறு பேர் உட்காருவார்கள் அல்லவா, யார் வீட்டில் வளைகாப்பு, யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அங்கேதான் தெரியும். இப்போது ஆளுக்கொரு போன் தூக்குவாளியில் சாய்ந்து நிற்கிறது. முடிச்சுப் போட ரெண்டு கையும் வேண்டும், அடுத்த வீடியோவுக்குத் தள்ள ஒரு கை வேண்டும். பாதி முடிச்சில் விட்டுவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, தள்ளிவிட்டு, மறுபடி நாரைத் தேடுகிறார்கள். அதற்குள் நார் காய்ந்துவிடுகிறது. அம்மா மட்டும் பக்கத்தில் போன் வைத்துக்கொள்வதில்லை. ஏதாவது சொல்வாள், பதில் வராது. அதையே இன்னொரு தடவை சொல்வாள். அப்புறம் பேசாமல் கட்டுவாள்.

கீழே போகப் போக முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிற பக்கத்தை 2006-ல் உருவாக்கிய அசா ராஸ்கின் என்பவரே பின்னால் வருத்தப்பட்டார் என்று நீதான் சொன்னாய். அதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பூக்கூடை என்றால் அடி தெரிந்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

இன்ஸ்டாகிராமை எடுத்துவிட்டேன். யூடியூப்பை எடுக்கத் தெரியவில்லை, வரும்போது பார்த்துக் கொடு. இன்னமும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் பூக் கட்டுகிறேன். என் முடிச்சு நெகிழ்ந்து நெகிழ்ந்து போகிறது. அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்கிறாள்.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளாதே. காணும் பொங்கல் அன்று உனக்கென்று அயிரை மீன் குழம்பு வைத்தாள். இடது கையில் போன் வைத்துக்கொண்டே சாப்பிட்டாய். "உப்புச் சரியா இருக்காப்பா?" என்றாள். "ம்" என்றாய். நீ எழுந்து போன பிறகு அவள் தட்டில் ஊற்றி வாயில் வைத்தாள். குழம்பில் உப்பே போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. கை எப்படி இருக்கிறது என்று கேள். வாசல்படியில் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்வாள். நீ தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, சொல்லி முடிக்கிறவரைக்கும் கேள்.

உன் அப்பா