கீழ்மதகுக் கழனியை மனையாக்க ஒப்புதல் தராதீர்கள்: நம் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் வந்து உட்காரப்போகும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கழனிக்குப் போயிருந்தேன். ஏரியின் கீழ்மதகிலிருந்து வரும் வாய்க்கால் களத்துமேட்டைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் மூன்று லாரி கிராவல் கொட்டிக் கிடக்கிறது. ஓரமாக இல்லை, வாய்க்காலுக்குள்ளேயே. அதற்கு அந்தப் பக்கம் சிவப்பு பெயின்ட் அடித்த சவுக்குக் குச்சிகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா ஒரு குச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு கழனிடி?" என்று கேட்டார். நாற்பது வருஷமாக அந்த வழியே நடக்கிறவருக்கே அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் நடுவில் இருந்த இரண்டு வரப்புகளை டோசர் விட்டுத் தட்டிவிட்டார்கள்.

கீழ்மதகு ஆயக்கட்டில், அதாவது அந்த மதகுத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், 32 ஏக்கரை மனைப்பிரிவாக்க விண்ணப்பம் வந்திருக்கிறது என்றும், கிராம சபையில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் எழுதி வாங்கிவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்றும் ஊரில் பேச்சு. தீர்மான நோட்டில் அந்த வரி ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தம்பியே கூடுவாஞ்சேரியில் ஒண்டுக் குடித்தனத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறான், இரண்டு பிள்ளைகள், நல்லதாக ஒரு வீடு கிடைக்காதா என்று அவன் தேடாத இடம் இல்லை. வீடு தேவைதான். இந்த இடத்தில் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

விண்ணப்பத்தில் "தரிசு நிலம்" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்று போகமாகச் சிலர் பயிர் வைக்கவில்லை, உண்மை. ஆள் கிடைக்கவில்லை, நெல் விலை கட்டவில்லை, பன்றி வந்து உழக்கிவிட்டுப் போகிறது. விற்றவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கும் விற்றவர்கள் அவர்கள், அவர்களுடைய கஷ்டம் இந்த ஊருக்கே தெரியும். ஆனால் பயிர் வைக்காத நஞ்சை தரிசு ஆகிவிடாது. கிராமக் கணக்கில் அது நஞ்சைதான், இன்றைக்கும் ஏரித் தண்ணீர் பாயும் நிலம்தான்.

நம் மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பெயர். தமிழ்நாடு முழுக்க 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை தனித்தனிக் குளங்கள் கிடையாது. மேல் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் போக்குக் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்கும் கீழே போகும். நடுவில் இருக்கிற கழனிகள் வெறும் நெல் விளைகிற இடம் மட்டும் இல்லை, மழைக்காலத்தில் கரைபுரண்டு வருகிற தண்ணீர் சற்றே நின்று, பரவி, வேகம் குறைந்து, பாதி மண்ணுக்குள் இறங்கி, மீதி நிதானமாக நகர்ந்து போகிற இடம். வரப்பு அதற்காகவும்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். வரப்புக்குள் அரை அடி தண்ணீர் நின்றால் ஏக்கருக்கு ஆறு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். 32 ஏக்கருக்கு ஒரு கோடியே 90 லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 1,600 லாரித் தண்ணீர். அடைமழை நாளில் இவ்வளவையும் எந்தச் செலவும் இல்லாமல் இந்தக் கழனி தாங்கிக்கொள்கிறது. அங்கே தார் ரோடும் தளமும் போட்டுவிட்டால் அந்த 1,600 லாரித் தண்ணீர் எங்கே போகும்?

எங்கே போகும் என்று நமக்கே தெரியும். கிழக்குத் தெருவுக்குத்தான் போகும். இப்படிப்பட்ட இடங்களில் வெள்ளம் தேங்காமல் இருக்க மனையை இத்தனை அடி மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் தடையின்மைச் சான்று தருவது வழக்கம். மனை வாங்குகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் 32 ஏக்கரை மூன்றடி உயர்த்தினால் கிழக்குத் தெரு மூன்றடி பள்ளத்தில் கிடக்கும். அங்கே இருக்கும் வீடுகளின் வாசல்படி இப்போதே ரோட்டைவிட இறக்கம், போன மழைக்கே ஒரு வீட்டில் அடுப்பைக் கட்டில் மேல் வைத்துச் சமைத்தார்கள், நான் பார்த்தேன். அவர்கள் யாரும் நிலம் விற்கவில்லை, யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் அவர்கள் வீட்டுக்குள் வரும்.

2015 டிசம்பர் முதல் தேதி காலையில் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகு வைத்து மீட்டார்கள். அங்கே மனை வாங்கியவர்கள் யாரும் தப்பு செய்தவர்கள் இல்லை. நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள்தான், வங்கிக் கடன் வாங்கி, அனுமதி பெற்ற மனையா என்று விசாரித்து, நம்பித்தான் வாங்கினார்கள். நாளைக்கு நம் கீழ்மதகில் மனை வாங்கப்போகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். அவர்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

அப்புறம் குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஊராட்சி போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இந்த ஆயக்கட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் நின்று கழனியில் பாய்கிற வரைக்கும் அதில் தண்ணீர் குறைந்ததில்லை. நம் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. அத்தனை வீட்டு செப்டிக் டேங்கும் அந்த போரைச் சுற்றித்தான் வரும். தலைவரே, மோட்டார் ஓடவில்லை என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் வருகிறது, இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத நம்மைப் போன்ற பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது, அதற்கு 2017-இல் தனி விதிகளும் வந்தன. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்ட பிறகு நடந்தவை நினைவிருக்கும், அவசரப்பட்டு வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல் வரன்முறைப்படுத்தப் பணம் கட்டி அலைந்தார்கள். ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த 32 ஏக்கரில் பட்டா நிலம் அவரவர் சொத்து, விற்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நடுவில் ஓடுகிற வாய்க்காலும், வண்டிப்பாதையும், களத்துமேட்டுக்குப் பின்னால் இருக்கிற மேய்க்கால் புறம்போக்கும் யாருடைய பட்டாவிலும் இல்லை. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தால் அகற்றி ஊரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மேய்க்காலில் இன்றைக்கும் மாடு மேய்கிறது. லே-அவுட்டுக்கு நடுவில் அது மாட்டிக்கொண்டால் நாலு வருஷத்தில் யாருடைய கார் நிறுத்துமிடமாகவாவது ஆகிவிடும், மாட்டை ஓட்டிக்கொண்டு போகவும் வழி இருக்காது.

ரோட்டு மேட்டில் புஞ்சை நிலம் இருக்கிறது. மானாவாரி, மழைத் தண்ணீர் நிற்காது, பஸ் நிறுத்தமும் பக்கம். ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் பூட்டிக் கிடக்கிற, இடிந்து விழுந்த வீடுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஊர் வளர வேண்டும் என்றால் அங்கே வளரட்டும், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். மேட்டு நிலத்துக்குச் சதுர அடி விலை கூட வரும், பள்ளத்து நஞ்சையைச் சல்லிசாக வாங்கலாம், அதனால்தான் மனை போடுகிறவர்கள் கண் இங்கே விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கேட்பது இவ்வளவுதான். அக்டோபர் 2 அன்று இந்தப் பொருளை எடுப்பதாக இருந்தால் எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கிராம சபையில் எல்லோர் பார்வைக்கும் வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரையும் வரச் சொல்லுங்கள், வாய்க்காலும் வண்டிப்பாதையும் எந்த சர்வே எண்ணில் வருகின்றன என்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கிழக்குத் தெருக்காரர்களைக் கடைசி வரிசையில் நிற்க வைக்காமல் முதலில் பேச விடுங்கள். அதற்குப் பிறகு ஆட்சேபணை உண்டு என்று தீர்மானம் எழுதி ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

வாய்க்காலில் கிடக்கிற மூன்று லாரி கிராவல் மட்டும் கிராம சபை வரை காத்திருக்க முடியாது. கிழக்கே கருத்துக்கொண்டு வருகிறது, இந்த வாரமே ஜேசிபி வைத்து அள்ளிவிடச் சொல்லுங்கள். ஆள் போதாவிட்டால் சனிக்கிழமை காலையில் நானும் அம்மாவும் மண்வெட்டியோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கீழ்மதகு ஆயக்கட்டில் அறுபது சென்ட் கழனி வைத்திருக்கும் வீட்டுப் பெண்