மீனவர் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களான அண்ணன் தம்பிகளுக்கும், மீன் விற்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நிற்கும் நேரம் பார்த்து, வழக்கம்போலப் பொதுக்குழுவைக் கூட்டியிருக்கிறோம். ஃபைபர் படகுக்காரர்கள் விடியலில் கடலுக்குப் போய்வந்த அலுப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள், சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். இந்த ஆண்டில் நம்மைவிட்டுப் போன உறுப்பினர்களின் பெயர்களைத் தலைவர் வாசித்தார், எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த வேலை ஒன்றுதான்: கைப்பேசியில் வருகிற கடல் செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுசேர்ப்பது. ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்திக்குப் பஞ்சமே இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறது. கடலின் மேல்மட்ட வெப்பத்தையும் பாசி நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, எந்தத் துறையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் மீன் கூடும் என்றும் அனுப்புகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி இவற்றைத் தமிழில் தருகிறது. இலங்கை எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்கிறது. வானிலை மையம் இருக்கிறது, தமிழக அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலி டி.என்.ஸ்மார்ட் இருக்கிறது. வைகாசியில் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் எல்லாருடைய போனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். ஆடிக்குள் பாதிப் பேர் போனில் அதைக் காணோம். போனில் இடம் போதவில்லை, பேரன் அழித்துவிட்டான், திறந்தால் என்னென்னவோ கேட்கிறது என்று ஆளுக்கொரு காரணம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஈரக்கையோடு, பிளாஸ்டிக் உறைக்குள் போனை வைத்துக்கொண்டு படகில் நிற்பவன் எத்தனை முறை திரையைத் தொட்டுத் தொட்டுப் போவான்?

அப்புறம்தான் குரல் பதிவுக்கு வந்தோம். கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் காலையும் மாலையும் இன்காய்ஸ் அறிவிப்பையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் பேசி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். சம்பளம் கிடையாது, ரீசார்ஜ் மட்டும் சங்கம் போட்டுக் கொடுக்கிறது. இதற்குச் செயற்குழு சில விதிகளை வைத்தது. எடுத்தவுடன் தேதியும் நேரமும் சொல்ல வேண்டும். வடகிழக்கு என்று நிறுத்தாமல் வாடை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலையை மீட்டரில் சொன்னால் எங்களுக்கு எப்படிப் புரியும், ஆள் உயரத்தில் சொல்லுங்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றிலிருந்து இரண்டரை மீட்டர் என்று சொன்னால் கூடவே 'ஒன்றரை ஆள்' என்றும் வருகிறது. குழுவில் மற்றவர்கள் வானிலை பற்றி எதுவும் போடக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் சண்டை அதிகம். 2018 கஜா புயல் சமயத்து வீடியோவை இன்றைக்கு எடுத்ததுபோல ஒருவர் அனுப்பி, அதைப் பார்த்து ஒரு வீட்டில் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தேதி இல்லாத செய்தி வருவதைவிட எதுவும் வராமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

ஃபெஞ்சல் புயலின்போது இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று பலரும் கேட்கிறார்கள். நவம்பர் 25-ஆம் தேதி வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 27-ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. புயலாகாமலே கரையைக் கடக்கலாம் என்ற பேச்சும் வந்தது. 29-ஆம் தேதி பிற்பகல் புயலாகி, 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குள் நம் பக்கம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் நின்றது, படகு நின்றது, வருமானமும் நின்றது. "புயலே வரலை, எதுக்கு எங்களை உட்காரவைச்சீங்க?" என்று 28-ஆம் தேதி ஏலக்கூடத்தில் சத்தம் போட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வானிலை மையத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை, அந்தப் புயலே நின்று நின்றுதான் நகர்ந்தது. நம் பிள்ளைகள் செய்தது இதுதான்: ஒவ்வொரு பதிவிலும், நேற்று என்ன சொன்னோம், இன்று எது மாறியிருக்கிறது என்று இரண்டையும் சொன்னார்கள். முன்பு சொன்னதை மறைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தால் 29-ஆம் தேதி யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அன்று மாலை ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்தது பதிவைக் கேட்ட பிறகுதான்.

வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? ஏலக்கூடத்து ஒலிபெருக்கியைப் பழுது பார்த்திருக்கிறோம். அந்தச் செலவைப் பற்றி ஒரு உறுப்பினர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். கைப்பேசி காலத்தில் குழாய் ஒலிபெருக்கி எதற்கு என்பது அவர் கேள்வி. புதுச்சேரிப் பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னதும், எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். அங்கே சுவாமிநாதன் நிறுவனம் வைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். 3,600-க்கும் மேற்பட்ட சனம் இருந்த ஊர், உயிர் தப்பியது. போன் வந்தது ஒரு வீட்டுக்கு, ஊருக்குச் சொன்னது குழாய். பக்கத்தில் வீராம்பட்டினத்திலும் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில்தான் படித்தார்கள். அது நம் கையில் ஸ்மார்ட்போன் வருவதற்கு ரொம்ப முன்னால். ஆட்சேபத்தைச் செயற்குழு ஏற்கவில்லை.

2018 நவம்பர் 16-ஐயும் மறக்க வேண்டாம். கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பத்தோடு கைப்பேசிக் கோபுரமும் போனது. எச்சரிக்கை நன்றாகவே வந்தது, புயலுக்குப் பிறகுதான் யாராலும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியவில்லை. அதனால் ஒலிபெருக்கிக்குத் தனி பேட்டரி வாங்கியிருக்கிறோம்.

கரையில் இப்படி. கடலில்? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் போனில் சிக்னல் நம்ப முடியாது. வி.எச்.எஃப். வயர்லெஸ் அதைவிடத் தூரம் போகும், ஆழ்கடலுக்கு அதுவும் எட்டாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் திடீரென்று வலுத்தபோது, அதற்கு முன்பே போயிருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்குச் சேதி சொல்ல வழியே இல்லாமல் போனது. அதில் பலர் இறந்த பிறகுதான் 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் வழியாகப் போனுக்குக் கொடுக்கும். ஆனால் கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. இப்போது விசைப்படகுகளில் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவியில் இரண்டு பக்கமும் சேதி அனுப்பிக்கொள்ளலாம், ஆபத்தென்றால் கரைக்குச் சேதி அனுப்பலாம். 2024 ஆகஸ்ட் 30 அன்று நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்கு என்று அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம் ஊர் ஃபைபர் படகுகளுக்கு இன்னும் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம், நினைவூட்டும் மனுவும் கொடுத்தாயிற்று. சிறிய படகுக்காரன்தான் அதிகம் தனியாகப் போகிறவன், அவனுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் போனார்கள். அது கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். இன்காய்ஸ் முன்பே எச்சரித்திருந்தது, கரையோரத்து மீனவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. விருந்தாளியாக வந்தவர்களின் போனுக்கு அதை யார் அனுப்புவது? 2023 அக்டோபரில் அவசர எச்சரிக்கைச் சோதனைக்காக நம் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை முறை இதற்குத்தான் சரி. கோபுரத்திலிருந்து நேராக வருவதால் நம்பர் தேவையில்லை, செயலி தேவையில்லை, ஊர்க்காரரா வெளியூர்க்காரரா என்றும் பார்க்காது. நம் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

இனி விலை. ஏல விலையைக் குழுவில் போட வேண்டும் என்று அக்காமார்கள் கேட்டார்கள், தொடங்கினோம். கேரளத்தின் வடபகுதி மத்தி மீன் சந்தைகளைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 படகுக்காரர்கள் விற்க முடியாமல் மீனைக் கொட்டினார்கள், அதே நாளில் 15 கிலோமீட்டருக்குள் 27 வியாபாரிகள் வாங்கத் தயாராக இருந்தார்களாம். கைப்பேசி வந்தபின் வீணாவது நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கூடை தூக்கும் அக்காமார்களுக்கு இது உண்மையிலேயே உதவியது. நாகை ஏலத்தில் நண்டு என்ன விலை, இறால் என்ன விலை என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள். படகுக்காரர்களுக்கு அவ்வளவு இல்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவரிடம்தான் மீனைப் போட வேண்டும், பக்கத்துத் துறையில் விலை அதிகம் என்று தெரிந்து என்ன செய்வார்? வயிற்றெரிச்சல்தான் மிச்சம். கூட்டுறவுக் கடன் பற்றிய தீர்மானத்தை அதற்காகத்தான் இன்றைய நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறோம்.

ரீசார்ஜ் பற்றிச் சின்னதாக ஒன்று. 2024 ஜூலையில் தனியார் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் சிம்மை விட்டுவிட்டார்கள். பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டதால் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்திருக்கின்றன. கடையில் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உறுப்பினர் அட்டை புதுப்பிப்பு, கபடிப் போட்டி, ஏலக்கூடத்துக் கூரை ஆகியவை பற்றிய விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய மூன்றையும் எல்லாப் படகின் முன்பக்க அணியத்திலும் பெயின்டில் எழுதும் வேலை தடைக்காலம் முடிவதற்குள் நடக்க வேண்டும். பெயின்ட் சங்கத்தினுடையது, பிரஷ் உங்களுடையது.

பதிவு பேசும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஆவணியில் கல்யாணம். அவர் இடத்துக்கு ஆள் வேண்டும். பெண்பிள்ளைதான் என்றில்லை, காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற யாராக இருந்தாலும் சரி. பெயரைத் துணைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்