இடது பக்கத்து ஹப்

அண்ணா,

அப்பாவின் ஆட்டைத்திவசம் நேற்று முடிந்தது. இன்று காலை ஜீப்பின் முன் மட்காட் இரண்டையும் வெட்டினேன். வெட்டமாட்டேன் என்று உங்களுக்குச் சொன்னதை மறக்கவில்லை. வெட்டிய துண்டுகளை எறியவும் இல்லை. அப்பா பிரஷ்ஷால் பூசிய பச்சை நிறத்தோடு, பெரியம்மா வீட்டு விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை வாசிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார். சொந்தக்காரரும் ஊராரும்கூட வாசிப்பார்கள். அதனால் சில விசயங்களைத் தொடாமல்தான் போகப்போகிறேன். எவை என்று உங்களுக்குத் தெரியும்.

"அப்பான்ர ஜீப்பைச் சேத்துக்க விளையாட விடப்போறியோ?" நான் போட்ட ஜீப் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பியது இவ்வளவுதான். இந்த ஒரு வருடத்தில் உங்களிடமிருந்து வந்த ஒரே வரியும் இதுதான். விளையாட்டு என்ற சொல் எனக்குச் சுட்டது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பார்சல் சுமந்தவன் நான். உழவு இயந்திரம் மட்டும்தான் உள்ளே போய்வந்தது. நாலு சில்லும் இழுக்கும் வண்டி ஒன்று எங்களிடம் இருந்தும், அது வவுனியாவில் மாமரத்தடியில் சருகுக்குள் நின்றது.

அதோடு, எனக்குச் சேறு பிடிக்கும். அதையும் மறைக்கவில்லை. வண்டி அமிழப்போகிற நேரத்தில் அக்சிலேட்டரைக் கூட்டாமல் அப்படியே வைத்திருக்க, ரயர் மெல்ல மெல்ல அடி பிடித்து ஏறி வருமே, அதைக் காலில் உணருகிற சந்தோசம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. வாய்க்கால் கரையில் என்னை மடியில் இருத்தி அதைக் காட்டித்தந்தவர் நீங்கள்தான்.

எஞ்சினைத் தொடவில்லை. அதே 2286 சி.சி. டீசல். இஸுசு எஞ்சின் ஏற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். பவர் குறைவுதான், ஆனால் சேற்றுக்குள் வேண்டியது நிதானமான இழுவை, அது அதனிடம் நிறைய இருக்கிறது. டீசல் என்பதால் நனைந்து நின்றுபோகப் பிளக் வயரும் இல்லை. காற்று கிடைத்தால் போதும். காற்றுக் குழாயை முன் கண்ணாடிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அச்சில் இருந்து இரண்டு பக்கச் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிஃப் இரண்டுக்கும் மூச்சுக்குழாய் இழுத்திருக்கிறேன். ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். பிறகு ஒயில் பால் மாதிரி வெளுத்துப்போய் வரும். கிளட்ச் பக்கம் தண்ணீர் போகாமல் அடியில் பூட்டுகிற திருகாணி, அப்பா ஆற்றில் இறக்குமுன் குனிந்து பூட்டுவாரே, அது டாஷ்போட் தட்டில் துணி சுற்றியபடியே இருந்தது.

மட்காட்டை வெட்டியது ரயருக்காக. அப்பா போட்டிருந்தது ஒடுங்கிய 6.00-16. செம்மண் தெருவுக்கு அதுதான் சரி. மேலே உள்ள சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் கிரவலைப் பிடிக்கும். குளத்து வண்டலிலும் வயல் களியிலும் பிடிக்க அடியே இல்லை, அங்கே மிதந்து போகவேண்டும். 33 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல அகலமும் உள்ள ரயரில் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், அது பரந்து படுத்துக்கொள்ளும். ஆனால் அவ்வளவு பெரிய ரயர் அந்த மட்காட்டுக்குள் திரும்பாது. மூன்று நாள் சோக்கால் கோடு போட்டுப் போட்டு அழித்தேன். நாலாம் நாள் வெட்டினேன்.

2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய இரும்புக்கெல்லாம் பொன் விலை. எத்தனை பேர் காசைக் கையில் வைத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் ஜீப்பைக் கேட்டார்கள். டீசலுக்கு வரிசையில் நின்ற 2022-இலும், வீட்டில் சதம் இல்லாத நேரத்திலும் அவர் கொடுக்கவில்லை. யாருக்காக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்காக இல்லை.

திவசத்துக்கு நீங்கள் அனுப்பிய காசில் ஒரு சதமும் இந்த வண்டிக்குள் போகவில்லை. கணக்குக் கொப்பி அம்மாவிடம் இருக்கிறது. இது உங்களுக்காக எழுதிய வரி இல்லை.

சரி. எழுத வந்தது வேறு.

மூன்று மாதத்துக்கு முன்பு முன் அச்சைக் கழற்றினோம். கராஜ் பாஸ் டிஃபைக் கழுவி மேசையில் வைத்து, இரண்டு பக்கமும் சில்லுக்குப் போகிற சாஃப்ட்டைச் செருகினார். வலது பக்கத்தை என்னிடம் தந்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் சுற்றுகிற பல்லான பினியனைச் சுற்றினார். என் கைக்குள் இருந்தது அசையவேயில்லை. இடது பக்கம் தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. "ஒரு பக்கத்தை ஃப்ரீயா விட்டா இழுவை முழுக்க அதுக்குள்ள போயிடும் தம்பி, மற்றப் பக்கத்துக்கு ஒண்டும் வராது" என்றார். அவர் பல் தேய்மானத்தைக் காட்டுவதற்காகத்தான் அதைச் செய்தார். நான் சாஃப்ட்டை வைத்துவிட்டு வெளியே போய்க் கிணற்றடியில் இருந்துவிட்டேன்.

2005 மார்கழி, அம்மம்மாவுக்கு இழுப்பு வந்த இரவு, நான் இடது பக்க ஹப்பைப் பூட்டவில்லை அண்ணா.

முத்துஐயன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் முன் சில்லுகள் இறங்கியதும் நிறுத்தி, "இறங்கி ரெண்டு பக்கமும் லொக் பண்ணடா" என்றீர்கள். சில்லின் நடுவில் உள்ள ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினால்தான் முன் சில்லு இழுக்கும். வலது பக்கம் நடுத்தெரு. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திருகினேன், டக் என்று விழுந்தது. இடது பக்கச் சில்லு தெருக்கரையைத் தாண்டிச் சரிந்து நின்றது. ஹப் சேற்றுத் தண்ணீருக்குள். நாலைந்து முழம் தள்ளி, பற்றைக்குள் அந்தச் சிவப்புப் பலகை, மண்டையோடு போட்டது. அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்துக்கு வந்து படம் காட்டியிருந்தார்கள். வெள்ளம் மிதிவெடியை இருந்த இடத்தில் இருந்து கிளப்பிக் கொண்டுவந்து தெருக்கரையில் போடும், தெருவை விட்டு இறங்காதே என்று. எனக்குப் பதின்மூன்று வயது. பொனற்றுக்கு முன்னால் நின்றுகொண்டே "போட்டாச்சு" என்று கத்தினேன்.

நீங்கள் என்னை நம்பி, நாலு சில்லையும் இழுக்க வைக்கிற சிவப்புத் தடியை இழுத்தீர்கள். முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு. பின்னால் இருந்து அம்மா "கெதியா, கெதியா" என்றது எனக்குக் கேட்டது. பிறகு அந்தச் சத்தம், இரும்புக் கட்டிலில் சுத்தியலால் அடித்த மாதிரி. பின் ஹாஃப் சாஃப்ட், சில்லைச் சுற்றுகிற தண்டு, முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கியர் போட்டாலும் எஞ்சின்தான் சுற்றியது, ஜீப் அசையவில்லை.

உழவு இயந்திரம் வர மூன்று மணி ஆகிவிட்டது. அம்மம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துத் தறப்பாளால் மூடினீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "ஜீப்புக்குக் காவல் இரு" என்று உங்கள் ஜேர்கினைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, வெறும் பெனியனோடு மழையில் ஏறிப் போனீர்கள். உங்கள் முதுகு வெளிச்சத்தில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. யானை கொப்பு முறிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜேர்கினில் உங்கள் வியர்வை மணத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் காட்டுக்குள் தனியே விட்டுவிட்டுப் போனீர்கள். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

விடியத் தண்ணீர் வற்றி ஹப் வெளியே தெரிந்தது. இரவு வந்த உழவு இயந்திரம் அந்தக் கரையால்தான் போயிருந்தது. அதன் சில்லுத் தடத்துக்குள் கால் வைத்துப் போய், இடது பக்கத்தை லொக்குக்குத் திருப்பிவிட்டேன். பயத்தில் சொன்ன பொய்யைப் பிள்ளைப் புத்தி என்று விடலாம். இது அப்படியில்லை. யோசித்துத்தான் செய்தேன்.

அப்பா வந்து குனிந்து இரண்டு ஹப்பையும் பார்த்தார். "நாலு சில்லும் இழுக்கேக்க அச்சை முறிச்சிருக்கிறான் எண்டால், அவனுக்கு வண்டி எதுக்கு?" என்றார். சாவியை எடுத்துத் தன் மடியில் செருகினார். அன்று பின்னேரம் உங்களுக்கும் அவருக்கும் நடந்ததை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதமாட்டேன். நான் அடுப்படிக்குள் நின்றேன். வாய் திறக்கவில்லை. மாசி மாதத்துக்குள் நீங்கள் இல்லை. எப்படிப் போனீர்கள், யார் கூட்டிக்கொண்டு போனது என்பதும் இங்கே வேண்டாம்.

ஒரு ஹப் பூட்டினால் மூன்று சில்லு இழுக்கும், ஆகவே முறிந்ததில் என் பங்கு கால்வாசிதான் என்று இருபது வருடமாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கோடுதான் நித்திரை கொண்டேன். பாஸ் பினியனைச் சுற்றிக் காட்டும்வரை முன் அச்சு அன்றைக்கு ஒரு சாண்கூட இழுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. முழுப் பாரத்தையும் பின் அச்சு தனியே தாங்கியது. உங்கள் காலில் பிழையில்லை.

அச்சு முறியாமல் இருந்திருந்தால் ஜீப்பைத் திருத்த வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கமாட்டோம். பாட்ஸ் வருமுன் 2006 ஆவணியில், வவுனியாவில் இருந்து எங்கள் பக்கம் வரும் ஏ-9 பாதையை மூடிவிட்டார்கள். ஜீப் பெரியம்மா வளவில் நின்றுவிட்டது. மற்ற எல்லாம் 2009 வைகாசிக்குள் போய்விட்டன, அம்மம்மாவும். முகாமில் இருந்து வந்த அன்று அப்பா வீட்டுக்குள் போகவில்லை, நேரே மாமரத்தடிக்குப் போய்ப் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்ததுண்டு.

போன வருடம், அவர் கடைசியாக எழும்பி நடந்த கிழமையில், ஜீப்புக்குள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "மூத்தவன் நல்லா ஓடுவான். அண்டைக்கு மட்டும் அவனுக்குப் பொறுமை இல்லாமப் போச்சு" என்றார். பக்கத்தில் இருந்தேன். சொல்லியிருக்கலாம். கோப்பையை வாங்கிக் கழுவப் போனேன்.

மன்னித்துவிடுங்கள் அண்ணா. அப்பாவிடம் உங்களைப் பற்றி ஒரு பிழையான எண்ணத்தை விட்டுவைத்து அனுப்பிவிட்டேன். அதை இனித் திருத்த முடியாது.

நீங்கள் வராததற்கும் என்னைக் காரணமாக்காதீர்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது என்கிற அந்தப் பயணப் புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைத்தேன், அதையும் குறையாகச் சொல்லவில்லை. வீடியோவில் இருந்து ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போனீர்களே. அம்மா அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். போனை மடித்துவைக்க விடவில்லை.

ஹப் இரண்டையும் கழற்றிவிட்டேன். இடது பக்கத்தது இன்னும் லொக்கில்தான் நின்றது, நான் திருப்பிய இடத்திலேயே துருவேறி இறுகியிருந்தது. சூடு காட்டித்தான் எடுத்தோம். புதிது போடச் சொன்னார் பாஸ், தார்த்தெருவில் டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று. நான் வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் எப்போதும் பூட்டியே இருக்கிற மூடியைப் போட்டுவிட்டேன். முன் அச்சு கொஞ்சம் அதிகம் தேயும், பரவாயில்லை. இனி இந்த வண்டிக்காக யாரும் இரவில் தண்ணீருக்குள் இறங்கத் தேவையில்லை.

மார்கழியில் வான் பாயும்போது அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோகப்போகிறேன். பலகை இப்போது இல்லை, கண்ணிவெடி எடுத்து முடித்துவிட்டார்கள். தெருவை உயர்த்தியிருக்கிறார்கள், ஆனால் பக்கத்து வண்டிப்பாதை அப்படியே இருக்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. யாராவது போனில் வாசித்துக் காட்டுவதற்கு முன்பு நானே சொல்லவேண்டும். இதைப் போட்டுவிட்டு இப்போது வீட்டுக்குத்தான் போகிறேன். இன்றிரவு அம்மா உங்களுக்கு எடுப்பார். அவருக்காவது போனை எடுங்கள்.